புகையிலைக்குத் தழைச்சத்து: ஒரே 70 கிலோ, ஐந்து வழிகள்

தானியப் பயிரில் தழைச்சத்து (நைட்ரஜன்) இடும் முறையை எடைபோட ஒரு கேள்வி போதும்: இட்டதில் எவ்வளவு பயிருக்குப் போய்ச் சேர்ந்தது? புகையிலையில் அது பாதிக் கேள்விதான். அந்தச் சத்து எப்போது தீர்ந்தது என்பது மறுபாதி. சூட்டறையில் பாடம் செய்யும் (வெப்பத்தில் உலர்த்திப் பதப்படுத்தும்) வர்ஜீனியா வகைக்கு நடவிலிருந்து ஏழெட்டு வாரம் வரை தழைச்சத்து தட்டில்லாமல் கிடைக்க வேண்டும். நுனி கிள்ளிய பிறகு மண்ணில் அது ஏறக்குறைய வற்றிப்போயிருக்க வேண்டும். அப்போதுதான் இலை தானாக வெளிறி முதிரும், சர்க்கரை ஏறும், சூட்டறையில் மஞ்சளாகும். வற்றாமல் தங்கினால் இலை கரும்பச்சையாகவே நிற்கும், பக்கச் சிம்புகள் (இலைக்கணுவில் வரும் கிளைத்தளிர்கள்) விடாமல் கிளம்பும், நிகோடின் ஏறும், சர்க்கரை இறங்கும். எந்த முறையில் இட்டாலும் கடைசியில் இந்த அளவுகோலில்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஆய்வு ஒரே வயலில், ஒரே அளவுத் தழைச்சத்தை ஐந்து வழிகளில் இட்டால் என்ன நடக்கும் என்பதைக் கணக்கோடு பின்தொடர்கிறது. வயல் கணக்குக்காக அமைத்த மாதிரி வயல். அதன் குணங்கள் வர்ஜீனியா புகையிலை நன்றாக வரும் மண்ணுக்குரியவை. வேறு வயலுக்கு எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், கணக்கின் வழி மாறாது.

வயலும் பொதுவான ஏற்பாடும்

பரப்பு 1 ஹெக்டேர். மேல்மண் மணல் மிகுந்த வண்டல், கரிமப்பொருள் 1 சதவீதத்துக்கும் குறைவு. வயலின் பெரும்பகுதியில் 40 செ.மீ. ஆழத்தில் களிமண் படுகை இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் மணல் 70 செ.மீ. வரை இறங்குகிறது. பாருக்குப் பார் (செடி நிற்கும் நீள மண்மேடு) 1.1 மீட்டர், செடிக்குச் செடி 55 செ.மீ. இந்த இடைவெளியில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 16,500 செடிகள், பாரின் மொத்த நீளம் 9,090 மீட்டர். தழைச்சத்து 70 கிலோ என்றால் செடிக்கு 4.2 கிராம்தான். இவ்வளவு சிறிய அளவில் 1 கிராம் கூடினாலும் குறைந்தாலும் இலையில் தெரிந்துவிடும்.

ஏன் 70? பாடம் செய்த இலை ஹெக்டேருக்கு 2,200 கிலோ, அதில் தழைச்சத்து 2.2 சதவீதம் என்று கொண்டால் இலையோடு வயலை விட்டு வெளியேறுவது 48 கிலோ. தண்டும் வேரும் பிடித்துவைப்பது அதற்கு மேல். மண்ணின் கரிமப்பொருள் தானாக விடுவிப்பது இதில் ஒரு பங்கை ஈடுகட்டும். மணற்பாங்கான நிலத்தில் வர்ஜீனியாவுக்கு 55 முதல் 90 கிலோ வரை என்ற வழக்கமான எல்லைக்குள் 70 நடுவில் நிற்கிறது.

இந்த 70ஐ நிர்ணயிக்கும் முன் பாசன நீரைச் சோதித்தாக வேண்டும். நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-தழைச்சத்து இருந்து, பருவம் முழுவதும் 200 மி.மீ. பாய்ச்சினால் ஹெக்டேருக்கு 20 கிலோ தழைச்சத்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேரும், அதிலும் பாதி வேண்டாத காலத்தில். ஆய்வகம் ‘நைட்ரேட்’ என்று மட்டும் எண் கொடுத்திருந்தால் 4.43ஆல் வகுத்துத் தழைச்சத்தாக மாற்றிக்கொள்ள வேண்டும். முறைகளை ஒப்பிடும் பல முயற்சிகள் இந்த இடத்திலேயே கெட்டுப்போகின்றன. ஐந்து பாத்தியும் ஒன்றுபோல் பச்சையாக இருக்க, இடும் முறையில் வித்தியாசமே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள்.

மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) எல்லா முறையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மணிச்சத்து 40 கிலோவுக்கு 16 சதவீத சூப்பர் பாஸ்பேட் 250 கிலோ. சாம்பல்சத்து 100 கிலோவுக்கு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 200 கிலோ. இரண்டும் பார் கட்டும் முன். டை அம்மோனியம் பாஸ்பேட்டை இங்கே ஒதுக்கக் காரணம் உண்டு: 40 கிலோ மணிச்சத்துக்கு அதை 87 கிலோ போட்டால் கூடவே கிட்டத்தட்ட 16 கிலோ தழைச்சத்து அம்மோனியமாக வந்துவிடும். பிறகு ‘முறை’ என்று ஒப்பிடுவதில் கால்பங்கு முறைக்கு அப்பாற்பட்டது ஆகிவிடும். பொட்டாசியம் நைட்ரேட்டை ஒரு பாத்தியில் மட்டும் பயன்படுத்தினாலும் இதே கோளாறு, இந்தத் தடவை சாம்பல்சத்தில்.

மியூரியேட் ஆஃப் பொட்டாஷும் (பொட்டாசியம் குளோரைடு) அம்மோனியம் குளோரைடும் புகையிலை வயலுக்குள் வரவே கூடாது. இலையில் குளோரைடு 1 சதவீதத்தைத் தாண்டினால் எரியும் தன்மை கெடத் தொடங்கும். 2 சதவீதத்தில் இலை ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும், சரியாக எரியாது. உரப்பையில் தப்பித்தாலும் பாசன நீரில் மாட்டிக்கொள்ளலாம்: லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரைடு உள்ள நீரை 200 மி.மீ. பாய்ச்சினால் ஹெக்டேருக்கு 100 கிலோ குளோரைடு சேரும்.

தழைச்சத்தின் வடிவம்

ஐந்து முறைகளையும் ஒப்பிட ஒரே உரம் கிடைத்தால் நல்லது, ஆனால் நடைமுறையில் ஒவ்வொரு முறைக்கும் பொருந்தும் உரம் வேறு. திடமாக இடும் மூன்றுக்கும் 27 சதவீத கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதில் பாதி நைட்ரேட், பாதி அம்மோனியம். 70 கிலோவுக்கு 259 கிலோ உரம்.

இந்தப் பாதிக்குப் பாதி முக்கியம். நைட்ரேட் உடனே வேருக்குக் கிடைக்கும், உடனே நீரோடும் இறங்கும். அம்மோனியம் மண் துகளில் ஒட்டி நிற்கும், வெதுவெதுப்பான மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரத்தில் நைட்ரேட்டாக மாறும். மண் குளிர்ந்திருந்தாலோ, அமிலத்தன்மை மிகுந்திருந்தாலோ, நூற்புழுவுக்காகப் புகைமருந்து செலுத்தியிருந்தாலோ அந்த மாற்றம் இன்னும் தள்ளிப்போகும். ஆகவே முழுக்க அம்மோனியமாகவோ யூரியாவாகவோ 25ஆம் நாளில் மேலுரம் இட்டால், அதன் கடைசிப் பங்கு 50ஆம் நாளுக்குப் பிறகுதான் நைட்ரேட்டாகி வெளிப்படும். அதிக அம்மோனியம் சாம்பல்சத்து, சுண்ணாம்புச்சத்து, மக்னீசியம் ஆகியவற்றின் உறிஞ்சலையும் தடுக்கும். மொத்தத் தழைச்சத்தில் பாதியாவது நைட்ரேட்டாக இருக்கட்டும் என்று சொல்லப்படுவது இதனால்தான்.

சோதனை மழை

முறைகளின் உண்மையான குணம் நல்ல வானிலையில் வெளிப்படாது. எனவே ஒரு மழையை வைத்துப் பார்ப்போம்: நட்ட 12ஆம் நாள், இரண்டு நாளில் 60 மி.மீ. மண்ணுக்கு அப்போது 20 மி.மீ. நீர்ப் பற்றாக்குறை இருந்தது. அதை நிரப்பிய பின் மிஞ்சும் 40 மி.மீ. கீழே இறங்குகிறது. இந்த மண் வடிந்து நிற்கும் நிலையில் கன அளவில் 20 சதவீதம் நீர் வைத்திருக்கும் என்றால், இறங்கும் 40 மி.மீ. நீர் நைட்ரேட்டை ஏறக்குறைய 20 செ.மீ. கீழே தள்ளும் (40 ÷ 0.20 = 200 மி.மீ.). வெறும் மணலில் அந்த 20 சதவீதம் 12 ஆகக் குறையும், தள்ளும் ஆழம் 33 செ.மீ. ஆகும். இது தோராயக் கணக்கு. புழுத்துளை, வேர்த்துளை வழியாக ஓடும் நீர் இதற்குக் கட்டுப்படாது. ஆனால் வயலில் முடிவெடுக்க இந்த நுணுக்கம் போதும்.

முதல் வழி: முழுவதையும் வீசித் தூவுதல்

259 கிலோவையும் பார் கட்டும் முன் தூவி, பிறகு பார் பிடிப்பது. கூலி மிகக் குறைவு, வேலை ஒரே நாளில் முடியும். பார் பிடிக்கும்போது இடைப்பகுதி மேல்மண் பாருக்குள் ஏறுவதால் உரமும் ஓரளவு பாரில் குவியும். பார் பிடித்த பிறகு தூவினால் இந்தச் சிறு நன்மையும் போய், பாதி உரம் சாலில் (பார்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தில்) விழும். மழை வந்ததும் சாலில் கிடப்பதுதான் முதலில் போகும்.

12ஆம் நாளில் நாற்றின் வேர் தண்டைச் சுற்றி 15 செ.மீ. வட்டத்துக்குள் இருக்கிறது என்று வையுங்கள். அந்த வட்டத்தின் பரப்பு 0.07 சதுர மீட்டர். செடிக்குரிய நிலம் 0.605 சதுர மீட்டர். வேர் எட்டியிருப்பது 12 சதவீதப் பரப்பை மட்டுமே. மீதி உரம் அந்நேரத்தில் யாருக்கும் பயனில்லாமல், மழைக்காகக் காத்திருப்பதுபோல் கிடக்கிறது.

மழைக்குப் பிறகு 35 கிலோ நைட்ரேட்டில் பெரும்பகுதி 20 முதல் 40 செ.மீ. ஆழத்துக்கு இறங்கிவிடும். இங்கேதான் வயலின் இரண்டு பகுதிகளும் பிரிகின்றன. ஆழ மணல் மூலையில் அது மேலும் இறங்கித் தொலைந்துபோகும். அங்கே செடி நான்காம் வாரத்தில் வெளிறி, கீழிலைகள் பழுத்து, இலை மெல்லியதாக, நிகோடின் குறைந்து முடியும். களிமண் படுகை 40 செ.மீ.யில் உள்ள பகுதியில் நைட்ரேட் தொலையாது, படுகையின் மேல் தேங்கி நிற்கும். வேர் அங்கே இறங்கும்போது 40, 50 நாள் ஆகியிருக்கும். பசித்திருக்க வேண்டிய நேரத்தில் செடிக்கு விருந்து கிடைக்கும்.

தொலைந்ததைவிடத் தாமதமாக வந்தது மோசம். தொலைந்ததை ஈடுகட்ட வழி உண்டு. மண்ணுக்குள் இருப்பதை வெளியே எடுக்க வழியில்லை. ஒரே வயலில் ஒரு பகுதி முதிர்ந்தும் மறுபகுதி பச்சையாகவும் நின்றால் ஒடிப்புக்கு (இலை பறிப்புக்கு) ஒரு நாள் குறிக்கவும் முடியாது. கலந்து ஒடித்துச் சூட்டறையில் ஏற்றினால், 35 முதல் 38 பாகையில் மஞ்சளாக்கும் கட்டத்தில் ஒரு பாதி தயாராகி மறுபாதி இன்னும் பச்சையாக இருக்கும். பச்சைக்காகக் காத்தால் தயாரானது பழுப்பேறும். காக்காமல் சூடேற்றினால் பச்சை அப்படியே உறைந்துவிடும்.

இரண்டாம் வழி: இருபுறமும் கோடாக வைத்தல்

முதல் தவணை 25 கிலோ தழைச்சத்து, நடவுக்குப் பின் 7 முதல் 10 நாளில், நாற்று வேர்பிடித்த பிறகு. இரண்டாம் தவணை 45 கிலோ, 25ஆம் நாளில், கடைசி மண் அணைப்புக்கு முன். முதல் தவணை தண்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி, நாற்றின் வேர்க்கட்டி அடிமட்டத்துக்கு 2, 3 செ.மீ. கீழே விழ வேண்டும். இரண்டாம் தவணை 15 முதல் 20 செ.மீ. தள்ளி. அந்நேரம் வேர் அவ்வளவு தூரம் வந்துவிட்டிருக்கும், கருவி கிட்டே போனால் வேரை அறுக்கும்.

25 கிலோவுக்கு 92.6 கிலோ உரம். பாரின் நீளத்தால் வகுத்தால் மீட்டருக்கு 10.2 கிராம், ஒரு புறத்துக்கு 5.1. இரண்டாம் தவணைக்கு 167 கிலோ உரம், மீட்டருக்கு 18.3 கிராம். கருவியின் உரக்குழாய் வாயில் பையைக் கட்டி 50 மீட்டர் ஓட்டிப் பிடித்து நிறுக்க வேண்டும். முதல் தவணைக்கு இரு குழாயும் சேர்ந்து 510 கிராம், இரண்டாவதுக்கு 917 கிராம் வர வேண்டும். இரண்டு குழாயையும் தனித்தனியே நிறுங்கள். கூட்டுத்தொகை சரியாக இருந்து ஒரு குழாயில் மூன்றில் இரண்டு பங்கு போவது சாதாரணமாக நடக்கும். அந்தப் பக்கத்து வேர் உப்பில் கருகும், மறுபக்கம் காயும். ஈரம் உறிஞ்சிக் கட்டியான உரம்தான் பெரும்பாலும் காரணம். காலையில் நிறுத்துச் சரிபார்த்தது பிற்பகல் ஈரக் காற்றில் பொருந்தாது.

கோடு தண்டுக்கு 5 செ.மீ. அருகே வந்துவிட்டால் நாற்று இரண்டு மூன்று நாளில் நடுப்பகலில் துவளும், இலை ஓரம் தீயும், பிடுங்கிப் பார்த்தால் ஒருபக்க வேர்நுனி பழுப்பாக இருக்கும். உடனே மெலிதாக நீர் பாய்ச்சினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஆனால் ஒரு வாரம் பின்தங்கும். ஒரு வாரம் பின்தங்கிய செடி முதிர்விலும் பின்தங்கும்.

அதே 60 மி.மீ. மழை இங்கே என்ன செய்யும்? 12ஆம் நாளில் மண்ணில் இருப்பது 25 கிலோதான், அதில் நைட்ரேட் 12.5. அதுவும் பாருக்குள். மழைநீர் பாரின் தோளிலிருந்து சாலுக்கு வழிந்து ஓடுவதால் கோட்டின் வழியே இறங்கும் நீர் சராசரியைவிடக் குறைவு. மீதி 45 கிலோ பையில் பத்திரமாக இருக்கிறது. பிரித்து இடுவதன் உண்மையான இலாபம் இதுதான். பயிர் நான்கு வாரம் எப்படிப் போனது என்று பார்த்துவிட்டு 45ஐ 35 ஆக்கலாம், ஆழ மணல் மூலையில் மட்டும் 50 ஆக்கலாம்.

பிரித்து இடுவதற்கும் எல்லை உண்டு. இரண்டாம் தவணை 35ஆம் நாளைத் தாண்டினால் அதை விட்டுவிடுவதே மேல், அல்லது பாதியாகக் குறைத்து முழு நைட்ரேட் உரமாக இட வேண்டும். ‘வாங்கிவிட்டோம், வீணாக்குவானேன்’ என்று 45ஆம் நாளில் இடப்படும் மேலுரம் பல வயல்களில் இலைத் தரத்தைக் கெடுத்திருக்கிறது.

மூன்றாம் வழி: செடிக்குச் செடி குழி வைத்தல்

கூர்முனைக் குச்சியால் தண்டின் இருபுறமும் 10 செ.மீ. தள்ளி, 10 செ.மீ. ஆழத்தில் குழி குத்தி, உரம் வைத்து மூடுவது. தவணைகள் கோட்டு முறைக்குரியவையே. முதல் தவணையில் செடிக்கு 5.6 கிராம் உரம், குழிக்கு 2.8. இரண்டாவதில் செடிக்கு 10.1, குழிக்கு 5. கரண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கரண்டியை நிறுக்காதீர்கள். தலைதட்டி நூறு கரண்டி எடுத்து நிறுத்தால் 280 கிராம் வர வேண்டும். கைக்கணக்கில் விட்டால் ஆளுக்கு ஆள் மாறும், அதே ஆளுக்குக் காலையும் மாலையும் மாறும்.

சத்தைப் பிடிப்பதில் திட உர முறைகளில் இதுவே முதலிடம். உரம் வேர்ப் பாதையிலேயே இருக்கிறது, களைக்குப் போவதில்லை, ஒரே இடத்தில் செறிந்த அம்மோனியம் நைட்ரேட்டாக மாறவும் சற்றுத் தாமதிக்கிறது. செடி இல்லாத இடத்தில் உரம் விழுவதில்லை என்பதும் பழுதுகள் நிறைந்த வயலில் நல்ல சேமிப்பு. விலை கூலியில் தெரியும்: ஒரு தவணைக்கு ஹெக்டேருக்கு 33,000 குழி.

யூரியாவை முதல் தவணைக் குழியில் வைக்கக் கூடாது. யூரியா கரைந்து சிதையும்போது குழியைச் சுற்றி காரத்தன்மை ஏறி, அம்மோனியா வாயு வேரைச் சுடும். தூவும்போது தெரியாத இந்தக் கேடு, ஒரே இடத்தில் குவிக்கும்போது இளவேரைக் கொன்றுவிடும். குழியை மூடாமல் விடுவது அடுத்த தவறு. மூடாத குழியில் மழைநீர் நேராக இறங்கி உரத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும். வைத்த அன்றோ மறுநாளோ மண் நனைய வேண்டும். காய்ந்த மண்ணில் கிடக்கும் உரம் கிடந்தபடியே கிடக்கும், பிறகு வரும் மழையில் மொத்தமாக விழித்துக்கொள்ளும்.

நான்காம் வழி: திரவ உரத்தை மண்ணுக்குள் செலுத்துதல்

யூரியா-அம்மோனியம் நைட்ரேட் கரைசல், 30 சதவீதம். லிட்டர் 1.3 கிலோ எடை, அதாவது லிட்டருக்கு 0.39 கிலோ தழைச்சத்து. இரண்டாம் தவணை 45 கிலோவுக்கு 115 லிட்டர், பாரின் மீட்டருக்கு 12.7 மில்லி. பெரிய பரப்புக்கு வேகமான, சீரான முறை. வட்டத்தகடு மண்ணைக் கிழிக்க, பின்னால் வரும் குழல் 10 செ.மீ. ஆழத்தில் விடும்.

கவனிக்க வேண்டியது கரைசலின் உள்ளடக்கம். பாதி யூரியா, கால்பங்கு அம்மோனியம், கால்பங்கு நைட்ரேட். உடனே கிடைப்பது கால்பங்குதான். எனவே இந்த முறையில் இரண்டாம் தவணையைக் கோட்டு முறையைவிட நான்கைந்து நாள் முன்னதாக, 20ஆம் நாளை ஒட்டிக் கொடுப்பது பொருத்தம். மண் மேல் ஒழுகவிட்டால் யூரியாப் பங்கிலிருந்து அம்மோனியா ஆவியாகும், கார மண்ணிலும் வெப்பக் காற்றிலும் வேகமாக. ஒழுகவிட வேண்டிய நிலை வந்தால் அன்றே மண் அணைத்து மூடுங்கள், அல்லது 10 முதல் 15 மி.மீ. நீர் பாய்ச்சுங்கள். இலையில் தெறித்தால் அந்த இடம் வெந்து புள்ளியாகும். புகையிலையில் விற்பதே இலை என்பதால் வேறு பயிரில் பொறுத்துக்கொள்ளும் தெறிப்பு இங்கே நேரடி நட்டம்.

கரைசல் பித்தளையையும் செம்பையும் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். வால்வு, நாசில், இணைப்புகள் துருப்பிடிக்காத எஃகு அல்லது பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். ஒரு நாசில் அரித்து அகன்றால் அந்தப் பார் முழுவதும் கூடுதல் உரம் வாங்கும், அது அறுவடையின்போது ஒரு பச்சைக் கோடாக நிற்கும்.

ஐந்தாம் வழி: சொட்டுநீர் உரப்பாசனம்

செடியின் தேவைக்கு நெருக்கமாகச் சத்தைத் தர இதைவிட நல்ல வழி இல்லை. உரம் 15.5 சதவீத கால்சியம் நைட்ரேட், ஏறக்குறைய முழுவதும் நைட்ரேட். மொத்தம் 452 கிலோ. வாரப் பங்கீடு இப்படி:

2ஆம் வாரம்: 7 கிலோ தழைச்சத்து (உரம் 45 கிலோ)
3ஆம் வாரம்: 10.5 கிலோ (68)
4ஆம் வாரம்: 14 கிலோ (90)
5ஆம் வாரம்: 17.5 கிலோ (113)
6ஆம் வாரம்: 14 கிலோ (90)
7ஆம் வாரம்: 7 கிலோ (45)

ஏழாம் வாரத்தோடு நிறுத்தம். அதன் பிறகு வெறும் நீர் மட்டும். 12ஆம் நாள் மழையில் ஆபத்தில் இருப்பது முதல் 7 கிலோ மட்டுமே.

ஒவ்வொரு முறையும் பாசன நேரத்தை நான்காகப் பிரித்து, முதல் கால்பங்கு வெறும் நீர், நடு இரு பங்கில் உரம், கடைசிக் கால்பங்கு மறுபடி வெறும் நீர். உரத்தை முதலிலேயே விட்டால் பின்னால் வரும் நீர் நைட்ரேட்டை ஈர உருண்டையின் (சொட்டுவாயின் கீழ் நனைந்த மண்ணின்) விளிம்புக்குத் தள்ளிவிடும். கடைசியில் விட்டால் குழாயிலேயே தங்கிப் பாசி பிடிக்கும். கால்சியம் நைட்ரேட்டோடு சல்பேட் அல்லது பாஸ்பேட் உரத்தை ஒரே தொட்டியில் கலந்தால் கரையாத வெண்படிவு உண்டாகிச் சொட்டுவாய் அடைபடும். சல்பேட் ஆஃப் பொட்டாஷை அடியுரமாகவே முடித்துவிடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

உரம் விடும் முன் சொட்டுவாய்களைச் சோதியுங்கள். வயலில் சிதறலாக 16 சொட்டுவாயில் நீரளவு எடுத்து, குறைந்த நான்கின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுங்கள். 0.85க்குக் கீழே இருந்தால் முதலில் குழாயைச் சரிசெய்ய வேண்டும். நீர் எவ்வளவு சமமற்று விழுகிறதோ, தழைச்சத்தும் அவ்வளவு சமமற்று விழும்.

இந்த முறைக்குச் சொந்தமான பலவீனம் ஒன்று உண்டு, விற்பவர்கள் பேசாதது. உரம் கொடுக்க நீர் விட்டாக வேண்டும். தொடர்ந்து மழை பெய்யும் நான்காம், ஐந்தாம் வாரத்தில் மண் ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது உரப்பாசனம் செய்தால் கொடுத்த நைட்ரேட்டை நாமே கீழே தள்ளுகிறோம். செய்யாவிட்டால் செடி உச்சத் தேவையில் பட்டினி. அந்த வாரங்களில் குழாயை நிரப்பி உரத்தை வெளியேற்றும் மிகக் குறைந்த நேரத்துக்கு மட்டும் ஓட்ட வேண்டும். தவறவிட்ட வாரத்தின் அளவை எட்டாம் வாரத்துக்குத் தள்ளக் கூடாது, அடுத்த வாரத்தோடு பகிர்ந்து ஏழுக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று: தூவும் முறைக்காக நிர்ணயித்த அளவை அப்படியே சொட்டுநீருக்குக் கொண்டுவந்தால் அது அதிகப்படி. விரயத்துக்காகச் சேர்த்த பங்கு இங்கே விரயமாகாமல் செடிக்குள் போகும். ஒப்பீட்டில் 70 கிலோப் பாத்தியோடு 56 கிலோப் பாத்தி ஒன்றையும் வைக்காமல் சொட்டுநீரைப் பற்றித் தீர்ப்பு சொல்ல முடியாது.

இலைவழித் தெளிப்பை ஆறாவது வழியாகச் சேர்க்காததற்குக் கணக்கே விடை. 2 சதவீத யூரியாக் கரைசல் 500 லிட்டர் தெளித்தால் போவது 10 கிலோ யூரியா, 4.6 கிலோ தழைச்சத்து. வேர் நீரில் மூச்சுமுட்டி நிற்கும் சில நாளுக்குத் தாங்குதடியாகப் பயன்படும், அவ்வளவே.

மழைக்குப் பின் ஈடு

கனமழைக்கு மறுநாள் இலை வெளிறுவது தழைச்சத்துக் குறைவு என்று எண்ணி உரம் இடுவதுதான் புகையிலையில் அடிக்கடி நடக்கும் தவறு. நீர் தேங்கி வேருக்குக் காற்றில்லாவிட்டாலும் இலை வெளிறும், துவளும். வேறுபாடு இது: காற்றில்லாமல் வெளிறினால் செடி பகலில் தொங்கும், வயலில் பள்ளமான இடங்களில்தான் தெரியும், வடிந்த நாலைந்து நாளில் குருத்து தேறும். சத்துக் குறைவென்றால் கீழிலையில் தொடங்கி மேலே ஏறும், செடி தொங்காது, மேட்டு மணலில் முதலில் தெரியும்.

நம் வயலில் கோட்டு முறைப் பாத்திக்கு ஈடு எவ்வளவு? களிமண் 40 செ.மீ.யில் உள்ள பகுதிக்கு ஒன்றும் வேண்டாம், இறங்கியதை வேர் பின்னால் பிடித்துக்கொள்ளும். உண்மையில் அங்கே இரண்டாம் தவணையை 5 கிலோ குறைப்பது நல்லது. ஆழ மணல் மூலைக்கு அந்த 12.5 கிலோ நைட்ரேட்டில் பாதி, அதாவது ஹெக்டேர் கணக்கில் 6 கிலோ. கால்சியம் நைட்ரேட்டாக 39 கிலோ, ஒரு வாரம் பொறுத்து. ஆறாம் வாரத்துக்குப் பின் வரும் மழைக்கு எந்தப் பகுதிக்கும் ஈடு தேவைப்படுவது அரிது. அதற்குள் செடி தனக்கு வேண்டியதில் பெரும்பங்கை உள்ளே எடுத்திருக்கும்.

எதை அளப்பது, எங்கே பிழை நேரும்

வயலில் ஒப்பிடும்போது ஒவ்வொரு முறைக்கும் ஆறு பார் அகலம், 10 மீட்டர் நீளப் பாத்தி, நான்கு மறுமுறை, இடம் குலுக்கல் முறையில். அளவெடுப்பது நடு நான்கு பாரில் மட்டும். தழைச்சத்தே இடாத பாத்தி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் செடியிலுள்ள சத்தில் எவ்வளவு உரத்திலிருந்து, எவ்வளவு மண்ணிலிருந்து என்று பிரிக்க முடியாது. பிடிப்புத்திறன் என்பது இட்ட பாத்திச் செடியின் தழைச்சத்திலிருந்து இடாத பாத்தியினதைக் கழித்து, இட்ட அளவால் வகுப்பது. புகையிலையில் இலையை நான்கைந்து ஒடிப்பில் எடுப்பதால் ஒவ்வொரு ஒடிப்பையும் தனியே உலர்த்திச் சோதித்துக் கூட்ட வேண்டும். கிள்ளிய நுனி, ஒடித்த சிம்பு, தண்டு எல்லாம் சேர வேண்டும். சிம்பை எறிந்துவிட்டுக் கணக்கிட்டால், தாமதமாகச் சத்து பெற்ற பாத்தியின் உண்மை மறைந்துவிடும். அதன் மிச்சச் சத்து சிம்பில்தான் போயிருக்கும்.

மண் மாதிரி 0–15, 15–30, 30–45 செ.மீ. ஆழங்களில், நட்ட 14, 28, 45, 60ஆம் நாட்களிலும் கடைசி ஒடிப்புக்குப் பின்னும். கோட்டிலும் குழியிலும் உரம் ஒரே இடத்தில் இருப்பதால் துளைப்பான் அதில் பட்டால் எண் எகிறும், படாவிட்டால் ஒன்றுமே இல்லாததுபோல் வரும். பாரின் நடுவிலிருந்து சாலின் நடு வரை சம இடைவெளியில் ஐந்து துளை போட்டு, அதே ஆழத்து மண்ணை ஒன்றாகக் கலக்க வேண்டும். ஒரு பாத்திக்கு இப்படி நான்கு குறுக்குவெட்டு. எடுத்த மாதிரியை உடனே குளிரவைக்காவிட்டால் பைக்குள்ளேயே அம்மோனியம் நைட்ரேட்டாக மாறிக்கொண்டிருக்கும்.

இந்த வரிசையில் அதிக எடை தர வேண்டியது 60ஆம் நாள் மாதிரிக்கு. இரண்டு முறைகளின் விளைச்சல் ஒன்றாக இருந்து, ஒன்றில் 30–45 செ.மீ. ஆழத்தில் நைட்ரேட் இன்னும் நின்றால் அந்த முறை தோற்றதாகவே கொள்ளலாம். மேல் இலைகளைச் சோதித்தால் நிகோடின் அதையே சொல்லும். நிகோடின் வேரில் உருவாகி இலைக்கு ஏறுவது, நுனி கிள்ளியதும் அதன் உற்பத்தி கூடும். அந்நேரம் தழைச்சத்தும் தாராளமாக இருந்தால் மேல் இலைகளில் அது எல்லை மீறும். சர்க்கரையை நிகோடினால் வகுத்த விகிதம் வர்ஜீனியாவில் 6 முதல் 10 வரை இருப்பது விரும்பத்தக்கது. தாமதச் சத்து அதைக் கீழே இழுக்கும், ஆரம்பப் பட்டினி மேலே தள்ளும். கீழ், நடு, மேல் இலைகளைக் கலந்து ஒரே மாதிரியாகச் சோதித்தால் இரண்டும் ஒன்றையொன்று மறைத்து அழகான சராசரி கிடைக்கும். அதை நம்ப வேண்டாம்.

வேறு வகைப் புகையிலைக்கு

காற்றில் உலர்த்தும் பர்லி வகைக்கு இந்தத் தராசு அப்படியே பொருந்தாது. அதற்கு வர்ஜீனியாவைப்போல் இரண்டு மூன்று மடங்கு தழைச்சத்து தேவை, இலை வெளிறிப் பசிக்க வேண்டியதில்லை. அதனால் தூவும் முறையை அது கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் மிஞ்சும் நைட்ரேட் இலை நரம்பில் தேங்கும். காற்றில் உலரும்போது நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்க, அது நிகோடின் வகைச் சேர்மங்களோடு சேர்ந்து நைட்ரோசமீன்கள் உண்டாகும். இவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. எனவே அங்கேயும் அளவைக் குறைத்து, இரண்டாகப் பிரித்து, நடவுக்குப் பின் கோடாக வைக்கும் முறைக்கே மதிப்பு.

கடைசி ஒடிப்பு முடிந்ததும் தண்டை வயலில் நிற்கவிடக் கூடாது. நின்றால் மறுதளிர் விட்டு வைரசையும் அசுவினியையும் அடுத்த பருவம் வரை காப்பாற்றும். தண்டை வெட்டி, வேரைப் புரட்டி வெயிலில் காயவிட்ட பின், மிச்ச நைட்ரேட் அதிகமாகக் காட்டிய பாத்திகளில் உரமில்லாமல் ஒரு தானியப் பயிரை உடனே விதைத்தால் அது மிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். பயறு வகையை அங்கே போட்டால் அடுத்த புகையிலைக்கு வேண்டாத நேரத்தில் தழைச்சத்து விடும் இன்னொரு ஊற்றைத் திறந்ததாகும்.